வராத நான்காவது எபிசோடுக்காக விழித்திருந்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

(ஷெர்லாக் ஹோம்ஸை இன்றைய லண்டனுக்குக் கொண்டுவந்த பிபிசியின் ‘ஷெர்லாக்’ தொடரை இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே திரும்பிப் போய்விடலாம். எல்லா முடிச்சும் கீழே அவிழ்ந்து கிடக்கிறது.)

அன்புள்ள கூட்டாளிகளுக்கு,

2017 ஜனவரி 22, ஞாயிற்றுக்கிழமை. லண்டனில் இரவு 9 மணி, நமக்கு அதிகாலை 2.30. பிபிசி ஒன்றில் ‘ஆப்பிள் ட்ரீ யார்ட்’ என்றொரு புதிய தொடர் தொடங்க இருந்தது. நீங்களும் நானும் அதை நம்பவில்லை. அது வெறும் திரை, மணி அடித்ததும் விலகும், ஷெர்லாக்கின் பேக்கர் தெரு வீட்டின் கறுப்புக் கதவு தெரியும் என்று நம்பினோம். முந்தைய ஞாயிறு, சீசனின் மூன்றாவதும் கடைசியுமான எபிசோடில் பார்த்த கூத்தெல்லாம் ஷெர்லாக் கண்ட கெட்ட கனவு என்று ஆகிவிடும், ‘தி லாஸ்ட் ஸ்பெஷல்’ என்ற நான்காவது எபிசோடு ஓடத் தொடங்கும் என்று காத்திருந்தோம். ஊரே மெரினா மணலில் உட்கார்ந்திருந்த வாரம் அது. நான் திருவல்லிக்கேணியில், கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில், போர்வைக்குள் செல்பேசியை வைத்துக்கொண்டு ட்விட்டரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். இதை இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

மணி அடித்தது. எமிலி வாட்சன் வந்தார். நடிகையின் பெயரில் வாட்சன் இருப்பதையே ஒரு துப்பாக எடுத்துக்கொண்டவர்கள் நம்மில் உண்டு. நானும் ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டேன். அவர் ஒரு மரபியல் விஞ்ஞானியாக நடித்தார். அறிவித்த தொடர், அறிவித்தபடியே, அறிவித்த நேரத்துக்கு ஓடியது. லூயிஸ் டவுட்டி எழுதி 2013இல் வெளிவந்த நாவல் அது. நான்கு வருடமாகப் புத்தகக் கடையில் கிடந்த கதையை நமக்காகக் கட்டிய திரை என்று நினைத்திருக்கிறோம்.

இத்தனை வருடம் கழித்து இதை ஏன் கிளறுகிறேன் என்றால், இந்தப் பொங்கல் விடுமுறையில் அக்கா மகள் வந்திருந்தாள். பதினான்கு வயது. முதல் எபிசோடிலிருந்து வரிசையாகப் பார்க்கத் தொடங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன். ஆறு நாளில் ‘தி ஃபைனல் பிராப்ளம்’ வரை வந்துவிட்டாள். மூன்றாவது எபிசோடு, நான்காவது சீசன், அதுதான்.

கடலுக்கு நடுவே ஷெரின்ஃபோர்டு சிறை. ஷெர்லாக்குக்கே நினைவில்லாத தங்கை யூரஸ் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நிற்கிறாள். மூன்றடி தள்ளி நிற்க வேண்டும் என்று உத்தரவு. அண்ணன் கிட்டே போகிறார். அவள் கையைத் தூக்குகிறாள், இவரும் தூக்குகிறார், இரண்டு கைகளும் தொட்டுக்கொள்கின்றன. கண்ணாடியே கிடையாது. இவ்வளவு நேரமும் வெற்றிடத்தைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

அக்கா மகள் படத்தை நிறுத்தினாள்.

“சித்தி, அவருக்குக் கண்ணாடி இருக்கா இல்லையான்னே தெரியலையா?”

“அதிர்ச்சியில் இருந்தார்மா.”

“முதல் எபிசோடுல வாட்சனோட போனைப் பார்த்தே அத்தனையும் சொன்னாரே?”

என்னிடம் பதில் இல்லை. 2010 ஜூலை 25 அன்று ஒளிபரப்பான அந்த முதல் எபிசோடில், டாக்சியில் நடக்கும் காட்சியைத்தான் அவள் சொன்னாள். நாம் எல்லாரும் இந்தத் தொடருக்குள் விழுந்த இடம் அது. வாட்சனிடம் விலை உயர்ந்த போன் இருக்கிறது. வாடகையைப் பகிர ஆள் தேடுகிற மனிதர் அதைக் காசு போட்டு வாங்கியிருக்க மாட்டார். மேலெல்லாம் கீறல், அதாவது முன்னால் வைத்திருந்தவர் சாவி, சில்லறையோடு சேர்த்துப் பையில் போட்டுவைப்பவர். சார்ஜ் போடும் துளையைச் சுற்றிச் சின்னச் சின்னக் கீறல்கள். தினமும் இரவில் சொருகுகிறார், கை நடுங்குகிறது. குடிப்பழக்கம். பின்பக்கம் ஹாரி வாட்சன் என்று பொறித்திருக்கிறது. ஆகவே அண்ணனோ தம்பியோ கொடுத்தது. எல்லாம் சரி, ஒன்று மட்டும் தப்பு: ஹாரி என்பது ஹேரியட், வாட்சனின் சகோதரி. ‘எப்போதும் ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது’ என்று எரிச்சலோடு சொல்வார் பாருங்கள், அந்த இடத்தில்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. துளையைச் சுற்றியிருந்த கீறல் நம் கண்ணுக்கும் படும்படிதான் இருந்தது. நாம் பார்த்தோம், கவனிக்கவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் தொடர் நமக்கு ஒரு வேலை கொடுத்தது. ஏழு வருடம் அந்த வேலையைச் சம்பளம் வாங்காமல் செய்தோம்.

சார்ஜ் துளையின் கீறல் கண்ணில் பட்ட மனிதருக்கு ஒரு சுவர் இல்லாதது தெரியவில்லை.

அதற்குப் பின்னால் வந்தவற்றை நீங்களே மனப்பாடமாகச் சொல்வீர்கள். பேக்கர் தெரு வீட்டுக்குள் ட்ரோன் வந்து குண்டை வைக்கிறது, ஷெர்லாக்கும் வாட்சனும் மாடி ஜன்னல் வழியே நெருப்போடு சேர்ந்து பாய்கிறார்கள், அடுத்த காட்சியில் முகத்தில் ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் கடலில் நிற்கிறார்கள். விமானத்தில் எல்லாரும் மயங்கிக் கிடக்க ஒரு சிறுமி மட்டும் போனில் அழுகிறாள், கடைசியில் விமானமும் இல்லை, சிறுமியும் இல்லை. வாட்சனைக் காலில் சங்கிலி போட்டுக் கிணற்றில் இறக்கிவிட்டார்கள், தண்ணீர் ஏறுகிறது, காப்பாற்ற மேலேயிருந்து கயிறு போடுகிறார்கள். கயிறு சரி, சங்கிலி? நம் ஊரில் கிணற்றுக்குள் விழுந்த ஆட்டைத் தூக்குபவர்கள்கூட முதலில் கால் எதிலாவது சிக்கியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். அதற்கு முந்தைய எபிசோடு வாட்சனை நோக்கி ஒரு துப்பாக்கி சுடுவதோடு முடிந்ததே, ஒரு வாரம் சரியாகத் தூங்காமல் இருந்தோமே, அது மயக்க ஊசியாம். ஒரு வரியில் முடிந்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், ஷெர்லாக்கை உள்ளூரக் காதலிக்கும் மாலி ஹூப்பரின் போன் காட்சி அந்த எபிசோடில் தனியாக நிற்கிறது. யூரஸ் வைத்த சோதனை: ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்ற சொல்லை ஷெர்லாக் அவளிடமிருந்து வாங்கியாக வேண்டும், நேரம் ஓடுகிறது, அவளோ சமையலறையில் நின்றுகொண்டு, ‘முதலில் நீ சொல், நிஜமாகச் சொல்வதுபோலச் சொல்’ என்கிறாள். மாலியாக நடித்த லூயிஸ் ப்ரீலியின் முகம் அப்போது என்ன ஆகிறது என்று இப்போதும் சொல்ல முடியும். அந்தக் காட்சி முடிந்ததும் ஷெர்லாக் அங்கிருந்த சவப்பெட்டியைக் கையால் அடித்து நொறுக்குகிறார். சரி, இதற்கு ஒரு விலை கேட்கப்போகிறார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடைசிக் காட்சித் தொகுப்பில் மாலி சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வருகிறாள். அவ்வளவுதான். எனக்குக் கிணற்றுச் சங்கிலியைவிட இதுதான் அதிகம் வலித்தது.

அந்த வாரம் நடந்ததையும் ஒருமுறை நினைத்துப்பாருங்கள். ஒளிபரப்புக்கு முதல் நாளே ரஷ்ய மொழியில் டப்பிங் செய்த பிரதி இணையத்தில் கசிந்துவிட்டது. ‘பார்க்காதீர்கள், பரப்பாதீர்கள்’ என்று தயாரிப்பாளர் கெஞ்ச வேண்டியதாயிற்று. கசிந்ததைப் பார்த்தவர்கள் சொன்ன கதையை நாம் நம்பவில்லை. யாரோ வேண்டுமென்றே கிளப்பிவிட்ட பொய்க்கதை என்றோம். இந்தத் தொற்று அங்கேயே தொடங்கிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. 15ஆம் தேதி, நமக்கு மாட்டுப் பொங்கல், ஒளிபரப்பானது. அன்றிரவு பிரிட்டனில் பார்த்தவர்கள் சுமார் 59 லட்சம். இரண்டு வாரத்துக்கு முன் சீசன் தொடங்கியபோது 81 லட்சம். தொடருக்கு அதுவரை அவ்வளவு குறைந்ததில்லை.

அப்புறம் கோபம் கிளைபிரிந்தது. சிலர் ஓட்டைகளை எண்ணினார்கள். சிலர் எழுதிய ஸ்டீவன் மொஃபாட்டையும் மார்க் கேட்டிஸையும் திட்டித் தீர்த்தார்கள். நம் கூட்டம் மட்டும் வேறு வழியில் போனது. இவ்வளவு மோசமாக எடுக்க இவர்களால் முடியாது, ஆகவே இது வேண்டுமென்றே மோசமாக எடுத்தது, ஆகவே நிஜமான முடிவு எங்கோ ஒளிந்திருக்கிறது.

அப்போது நம்மைப் பார்த்துச் சிரித்தவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் அன்று சொல்லாததை உங்களிடம் இப்போது சொல்கிறேன்: நம் கையில் ஆதாரம் இருந்தது. முந்தைய எபிசோடான ‘தி லையிங் டிடெக்டிவ்’ நினைவிருக்கிறதா? மருத்துவமனை அறையில் வில்லன் கல்வர்டன் ஸ்மித், ஷெர்லாக் ஒளித்துவைத்திருந்த மூன்று பதிவுக் கருவிகளையும் கண்டுபிடித்து எடுத்துவிடுகிறான். நான்காவது, வாட்சனின் பழைய கைத்தடிக்குள் இருக்கிறது. மூன்று என்ற எண்ணில் ஏதோ நிம்மதி இருக்கிறது, மூன்றோடு எல்லாரும் தேடுவதை விட்டுவிடுகிறார்கள் என்று ஷெர்லாக்கே சொல்கிறார். ஒவ்வொரு சீசனுக்கும் மூன்றே எபிசோடு எடுக்கிற தொடரில், சீசனின் இரண்டாவது எபிசோடில் இப்படி ஒரு வசனம் வைத்தால் நாம் என்ன நினைப்போம்?

இன்னொன்று, அந்த சீசனின் முதல் எபிசோடில் வாட்சன் பேருந்தில் பார்த்துச் சிரிக்கும் பெண், இரண்டாவதில் ஷெர்லாக்கைத் தேடிவரும் பெண், வாட்சனின் மனநல ஆலோசகர், மூன்று பேரும் ஒருவரே. சியான் ப்ரூக் என்ற ஒரே நடிகையை இரண்டு எபிசோடாக நம் மூக்குக்கு நேரே நிறுத்திவைத்துவிட்டு கடைசியில்தான் சொன்னார்கள். நான் எழுந்து நின்று கை தட்டினேன். ஒரு வருடத்துக்கு முன், 2016 புத்தாண்டன்று வந்த சிறப்பு எபிசோடில், 1895ஆம் வருடத்து லண்டன் முழுவதும் ஷெர்லாக்கின் தலைக்குள் நடந்தது என்று முடித்தார்கள். அதற்கும் முன்னால், 2012இல் மருத்துவமனை மாடியிலிருந்து குதித்தாரே, எப்படிப் பிழைத்தார் என்று இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டோம். அந்த எபிசோடில் அவர் கையில் வைத்து விளையாடிய சின்ன ரப்பர் பந்தை, அக்குளில் அழுத்தி நாடித்துடிப்பை நிறுத்தியிருப்பார் என்று பலர் சரியாகவே சொன்னார்கள். பந்து கண்முன் இருந்தது. உற்றுப் பார்த்தவனுக்குக் கூலி கிடைத்தது.

இப்படி வளர்த்த பிள்ளைகள் நாம். இல்லாத எபிசோடைத் தேடியது நம் பைத்தியக்காரத்தனம் மட்டும் இல்லை, அந்தத் தொடர் நமக்குக் கற்றுக்கொடுத்த பழக்கமும்தான்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த எபிசோடுக்கு ‘தி லாஸ்ட் ஸ்பெஷல்’ என்று நாமே பெயர் வைத்தோம். ஆர்தர் கோனன் டாய்ல் 1898இல் எழுதிய ஒரு சிறுகதையின் பெயர் அது. எங்கோ ஒளித்துவைத்த சிறப்பு எபிசோடு என்ற பொருளும் வருகிறது, எவ்வளவு பொருத்தம் என்று பூரித்தோம். நம்மில் எத்தனை பேர் அந்தக் கதையைப் படித்தோம்? நான் படிக்கவில்லை. போன மாதம்தான் படித்தேன்.

லிவர்பூலிலிருந்து லண்டனுக்கு ஒரு தனி ரயில் கிளம்புகிறது. கென்யன் ஜங்ஷனைத் தாண்டியது உறுதி. பார்ட்டன் மாஸுக்கு வந்துசேரவில்லை என்பதும் உறுதி. நடுவில் எஞ்சினோடு, ஆட்களோடு மறைந்துவிட்டது. போலீஸ் திணறுகிறது. அப்போது பத்திரிகையில் ஒரு கடிதம் வருகிறது. எழுதியவர் தர்க்கத்தில் பெயர்பெற்ற ஒரு ‘அமெச்சூர்’ என்று மட்டும் கதை சொல்கிறது. பெயர் கிடையாது, ஆனால் படிக்கிறவருக்கு யாரென்று தெரியும். ஏனென்றால் நடக்க முடியாதவற்றை எல்லாம் நீக்கிவிட்டால் மிஞ்சுவது எவ்வளவு நம்ப முடியாததாக இருந்தாலும் அதில்தான் உண்மை இருக்கும் என்ற ஹோம்ஸின் சூத்திரத்தோடுதான் அந்தக் கடிதம் தொடங்குகிறது. வழியில் ஏழு கிளைத் தண்டவாளங்கள். அவற்றில் நான்கு, தண்டவாளம் பிடுங்கப்பட்ட பழைய கிளைகள். தண்டவாளம் இல்லாத இடத்தில் ரயில் ஓடாது, ஆகவே அந்த நான்கையும் அடித்துவிடலாம், மிச்சம் மூன்றில்தான் ரயில் இருக்கிறது என்கிறார். அப்பழுக்கில்லாத தர்க்கம்.

தப்பு. ரயில் போனது அவர் அடித்துவிட்ட கிளை ஒன்றில்தான். சதிகாரர்கள் யாருக்கும் தெரியாமல் தண்டவாளத்தைப் போட்டு, ரயிலைக் கைவிடப்பட்ட சுரங்கத்துக்குள் இறக்கிவிட்டு, மறுபடி பிடுங்கிவிட்டார்கள்.

படித்து முடித்ததும் சிரித்தேன், கொஞ்ச நேரம் கழித்து முகம் சுருங்கிவிட்டது. ‘இவர்களால் மோசமாக எழுத முடியாது’ என்பதுதான் நாம் முதலிலேயே அடித்துவிட்ட கிளை. அதற்குப் பிறகு செய்த தர்க்கம் எல்லாம் சுத்தமானது. ரயில் அந்தக் கிளையில்தான் போயிருந்தது.

நமக்கு நேர்ந்தது ஏமாற்றம். நாம் அதை ஏமாற்று என்று எடுத்துக்கொண்டோம். ஏமாற்று என்றால் பின்னால் ஒரு மூளை இருக்கிறது, ஒரு திட்டம் இருக்கிறது, பொறுத்திருந்தால் வெளிவரும். ஏமாற்றத்தில் அதெல்லாம் இல்லை. கெட்டிக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து எழுதினார்கள், சரியாக வரவில்லை. வேலை செய்கிற எல்லாருக்கும் நடப்பது. நான் வைக்கிற வத்தக்குழம்பு பத்தில் மூன்று தடவை அப்படித்தான் ஆகிறது, யாரும் இரண்டாவது பாத்திரம் எங்கே என்று தேடுவதில்லை.

திட்டியவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடிதம் எழுதித் திட்டுவது இந்தக் கதைகளுக்குப் புதிதில்லை. இதே ‘தி ஃபைனல் பிராப்ளம்’ என்ற பெயரில் 1893 டிசம்பரில் டாய்ல் ஹோம்ஸைக் கொன்றபோது, ஒரு பெண்மணி ‘மிருகமே’ என்று தொடங்கிக் கடிதம் போட்டதாக அவரே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1912இல் ஒருவர் செய்யுளில் குறை சொல்ல, டாய்ல் செய்யுளிலேயே பதில் கொடுத்தார், பொம்மையும் பொம்மை செய்தவனும் ஒன்றல்ல என்று. 2017 ஜனவரியில் ஷெர்லாக் வரவர ஜேம்ஸ் பாண்டாக மாறிக்கொண்டிருக்கிறார் என்று ‘கார்டியன்’ நாளிதழில் கட்டுரை வந்தபோது, கேட்டிஸும், டாய்ல் தன் செய்யுளுக்கு வைத்த அதே தலைப்பில், ஒரு செய்யுளை அந்தப் பத்திரிகைக்கே அனுப்பினார். அழகான பதில்தான். ஆனால் அந்தக் கட்டுரை வந்தது சீசனின் முதல் எபிசோடுக்கு. மூன்றாவது வந்தபிறகு, ட்ரோனும் குண்டும் ஜன்னல் பாய்ச்சலும் பார்த்தபிறகு, குறை சொன்னவர் பக்கம்தான் எனக்குச் சாய்வு. செய்யுளுக்குச் செய்யுள் என்கிற அளவில் நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நம்மில் சிலர் அங்கே நிற்கவில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒரு சொல்லையும் நினைவூட்ட வேண்டும். டாய்லின் ‘தி யெல்லோ ஃபேஸ்’ கதையில் ஹோம்ஸ் ஒரு வழக்கைத் தப்பாகக் கணித்துவிடுவார். நார்பரி என்ற ஊரில் நடந்தது. இனிமேல் எனக்குத் தலைக்கனம் ஏறுவதாகத் தோன்றினால் காதோரம் ‘நார்பரி’ என்று சொல் என்று வாட்சனிடம் கேட்டுக்கொள்வார். தொடரின் கடைசி சீசனில், முதல் எபிசோடின் முடிவில், வாட்சனின் மனைவி மேரி செத்துப்போனபிறகு, ஷெர்லாக் அதே சொல்லை வீட்டுக்காரரான திருமதி ஹட்சனிடம் ஒப்படைக்கிறார். அடுத்த இரண்டு வாரம் எழுதியவர்களின் காதில் யாராவது அதைச் சொல்லியிருக்கலாம் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. நம் காதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

அக்கா மகள் அன்றிரவு எபிசோடைப் பார்த்து முடித்தாள். எழுத்துகள் ஓடி முடியும்வரை அசையவில்லை.

“அடுத்தது எங்க சித்தி?”

“அவ்வளவுதான். அதுக்கப்புறம் எடுக்கலை.”

“இல்லை, இருக்கும்.” ரிமோட்டைக் கையிலெடுத்தாள். “மூணோட தேடுறதை நிறுத்திடறாங்கன்னு அவரேதானே சொன்னாரு? அந்தக் கைத்தடி. அப்புறம் கனவு மாதிரி ஒண்ணு எடுத்தாங்களே. இது நிஜ முடிவா இருக்கவே முடியாது. வேணும்னே இப்படி...”

கண் பளபளவென்று இருந்தது. அந்த முகம் எனக்குத் தெரியும். கையைப் பிடித்து இழுத்து, காதருகே குனிந்து, ஒரே ஒரு சொல் சொன்னேன்.

ஒரு நொடி யோசித்தாள். பிறகு தலையணையை எடுத்து என்மேல் வீசினாள்.

இப்படிக்கு,
அன்று அதிகாலை 2.30க்கு உங்களோடு விழித்திருந்த ஒருத்தி